தாசையனின் ஒரு வாளி பால்

ஆவணி, புதன்கிழமை

அரசாங்கம் ரப்பர் எஸ்டேட்டைத் திரும்ப எடுத்து, துண்டு துண்டாகப் பிரித்து எங்களைப் போல் குடியேறியவர்களுக்குக் குத்தகைக்கு விட்டதில், ஷீட் அடிக்கும் கொட்டகையான புரையும், உறைந்த பாலை அழுத்தும் ரோலரும் என் துண்டில் விழுந்தன. பழைய சூப்பர்வைசர் தாசையனுக்கு நல்ல மரங்கள் கிடைத்தன. ரோலர் கிடைக்கவில்லை.

இன்று காலை வாளி நிறைய ரப்பர் பாலோடு புரை வாசலில் வந்து நின்றார்.

"செல்வி, இத இங்க ஒறைய ஊத்தட்டா மக்கா? வெயில் ஏறுனா கெட்டுப்போவும்."

விரலை முக்கிப் பார்த்தேன். நல்ல கொழுத்த பால்.

"சார், வெள்ளம் கலந்தியளா?"

அவர் முகம் செத்துப்போனது. எஸ்டேட்டில் நான் பால்வெட்டும் கூலியாக, நிறைமாதமாக இருந்தபோது, இதே வாசலில், எல்லார் முன்னாலும், "ஏட்டி, வெள்ளம் கலந்தியா?" என்று கேட்டு என் பாலை ஓடையில் கவிழ்த்தவர் அவர். அன்று நானும் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை.

வாளியை வாங்கி அதே ஓடையில் கவிழ்த்தேன். தண்ணீர் வெள்ளையாக ஓடியது. அவர் வெறும் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

"போதும், விட்டுருட்டி" என்கிறார் என் வீட்டுக்காரர். அன்று கொட்டியது இவர் பாலையா?

தாசையன் நாளையும் வருவார். இந்த மலையில் வேறு ரோலர் கிடையாது. நாளையும் நான் விரலை முக்கிப் பார்ப்பேன்.