செல்வி காட்டிய இடம்

ஐப்பசி, ஞாயிறு இரவு.

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக இன்று கண்டி வாவியைச் சுற்றி ஓடினோம். முடிந்ததும் பெண்கள் உடை மாற்றும் கூடாரத்தில், என்னோடு படிப்பிக்கும் செல்வி என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்தாள்.

"இங்க பாருங்க டீச்சர். ஓட முன்னுக்கு நர்ஸ் சொல்லிக் குடுத்த மாதிரி தடவிப் பார்த்தேன். ஏதோ இருக்குதானே?"

இருந்தது. கடலை அளவில், கெட்டியாக.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வாரேன்" என்றேன்.

"எங்க வீட்டுல சொல்லிறாதீங்க. மகளுக்கு ஸ்கூல்ல சோதனை நடக்குது."

எங்கள் ஊர் தெல்தோட்டை வரை பஸ்ஸில் அவள் என் கையை விடவேயில்லை.

குளிக்கும்போது என்னையும் தடவிப் பார்க்க நினைத்தேன். வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கத்துக்குக் கை போக மறுத்துவிட்டது.