கம்ப்யூட்டரைப் பூட்டுகிறேன்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடாக்கிச் சாப்பிடுங்கள். கம்ப்யூட்டரை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் முழுவதையும் என்க்ரிப்ட் செய்யப் போட்டிருக்கிறேன். முடிந்துவிட்டால், டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போனாலும் பாஸ்வேர்ட் இல்லாமல் யாரும் எதையும் பார்க்க முடியாது.

"பாஸ்வேர்ட் மறந்துபோச்சுன்னா நம்ம போட்டோ நமக்கே கிடைக்காது" என்று நேற்று நீங்கள் சொன்னது நியாயம்தான். அதனால் மீட்பு எண்ணை எழுதி உங்கள் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். இப்படிப் பூட்டுவதால் மெஷின் கொஞ்சம் மந்தமானால் ஆகட்டும்.

ஆனால் "உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்" என்றீர்களே, அது சரியில்லை. எனக்குச் சந்தேகம் உங்கள் ரிப்பேர்க்கார நண்பர் மேல் மட்டும்தான். கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், வாசலில் நின்று "உங்க பொண்ணு நல்லா பாடுறாளே" என்றார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு பாடி, கம்ப்யூட்டரில் பதிவு செய்தது அது. நமக்கே போட்டுக் காட்டியதில்லை. கம்ப்யூட்டருக்குள் சத்தம் போடும் ஃபேனை மாற்றச் சொன்னால், அதை எதற்குத் திறந்தார்? வேறு எதையெல்லாம் பார்த்தார்? காப்பி எடுத்திருந்தால் இப்போது பூட்டியும் பயனில்லை, அதுவும் தெரியும்.

மத்தியானம் ஸ்பீக்கர் மாட்ட வருகிறேன் என்றாராம். நான் ஷிப்ட் முடிந்து வந்த பிறகு வரச் சொல்லுங்கள். உங்கள் நண்பர்தான், ஆனாலும் நானே அவரிடம் நேரில் கேட்கிறேன்.

பி.கு.: மகளிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். நான் பக்குவமாகச் சொல்கிறேன். பட்டென்று தெரிந்தால் பாடுவதையே விட்டுவிடுவாள்.