மணியின் கோணல் தையல்

ஜூலை 11, வெள்ளி

மழை. விடிந்ததிலிருந்து விடவில்லை. கடைக்கு முன்னால் தார்ப்பாய் கட்டியும் சாரல் மேசை வரைக்கும். சிரட்டைக்கரி நமுத்துப்போய் ஒரே புகை. கண் எரிச்சல்.

இன்று தேய்த்து முடிக்க வேண்டியவை: ஹோம்ஸ்டே விரிப்புகள். டாக்டர் கோட் (மேல் பட்டன் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் தலையில்). பள்ளி யூனிஃபார்ம்கள், எல்லாமே அரை ஈரம். மட்டாஞ்சேரியில் இந்த மாதம் யாருக்கும் துணி காய்வதில்லை, எல்லாரும் என் இஸ்திரிப் பெட்டிச் சூட்டில்தான் காயவைத்துக்கொள்கிறார்கள்.

சாயங்காலம் சரசு சித்தி தன் மகன் மணியின் சட்டையைக் கொண்டுவந்து தந்தார். வருடா வருடம் வரும் அதே மஞ்சள் பை, உள்ளே கற்பூர வில்லை.

"மெல்ல செய்யி மோளே. அவசரம் இல்ல. அடுத்த வெள்ளிதானே நாளு."

மணி போய்ப் பத்து வருடம். எதிர் வீட்டில் வளர்ந்த பிள்ளை. லீவில் வந்தால் முதல் வேலையாக என் கரி மூட்டையை இறக்கித் தருவான். "செல்விக்கா, ஆர்மியிலயும் இதேதான் செய்யிறேன்" என்பான். ஆப்பிரிக்காவில் ஐ.நா. அமைதிப்படைக்குப் போன இடத்தில், அவன் இருந்த வண்டி தீப்பிடித்தது. வயது இருபத்து நாலு. மணி வந்த பெட்டியை யாரும் திறக்கவில்லை. திறக்க வேண்டாம் என்று ஆண்கள் பேசி முடிவு செய்தார்கள். சித்தி "ஒரே ஒரு தடவை" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி.

அவனுடைய சாமான்கள் பிறகு தனியாக ஒரு டிரங்குப் பெட்டியில் வந்தன. நீலத் தொப்பி, டார்ச், சித்தி கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் மூடி திறக்காமல், இந்த ராணுவச் சட்டை. நினைவு நாளில் தெருமுனையில் பந்தல் போட்டு, ஒரு நாற்காலியின் முதுகில் சட்டையை மாட்டி, இருக்கையில் தொப்பியை வைத்து, விளக்கேற்றுவோம். போட்டோவும் இருக்கும். ஆனால் சித்தி போட்டோ பக்கம் திரும்பவே மாட்டார். சட்டையைத்தான் பார்ப்பார்.

கிளப் செக்ரட்டரி ஷாஜி சேட்டனும் வந்தார். "சேச்சி, இந்த வருஷம் உங்களுக்கு ஒரு பொன்னாடை உண்டு, கேட்டோ. பத்து வருஷமா ஒரு சுருக்கம் விழாம செய்யிறதல்லே!"

வேண்டாம் என்று சொன்னேன். சொல்லும்போதே எந்தப் புடவை என்று யோசித்துவிட்டேன். மெரூன்.

ஜூலை 12, சனி

மழை.

சட்டையைக் கருக்கிவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இந்த நோட்டை வீட்டில் யாரும் படிக்கப் போவதில்லை. வீட்டுக்காரருக்குப் படிக்கப் பொறுமை கிடையாது. மகள் அஞ்சுவுக்கு மலையாளம் மணிமணியாக வரும், தமிழ் எழுத்து தெரியாது. அதனால் உள்ளபடி எழுதுகிறேன்.

அது சூடு தாங்காத துணி. மேலே ஈரத்துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும். பத்து வருடமும் அப்படித்தான் செய்தேன். நேற்று ஈரத்துணி போடவில்லை. மழைக்கு எல்லாமே ஈரமாகத்தானே இருக்கிறது என்று ஒரு அலட்சியம். அப்போது நாத்தனார் ஒரு வீடியோ அனுப்பினாள். பெட்டியை நிமிர்த்தி வைக்காமல் இடது கையால் போனை எடுத்தேன். வீடியோவில் ஒரு பூனை. பின்னால் யாரோ வெள்ளரிக்காயை வைக்கிறார்கள், பூனை திரும்பிப் பார்த்து எகிறிக் குதிக்கிறது. சிரித்தேன். இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன்.

வாடை வந்த பிறகுதான் கீழே பார்த்தேன். இடது பாக்கெட் மேல், பெட்டியின் மூக்கு பதிந்த மாதிரியே ஒரு கறுப்பு. நடுவில் துணி சுருங்கி உருகி ஓட்டை. தையல் இருந்த இடமும் போயிற்று.

அந்தத் தையல். பாக்கெட் ஓரம் கிழிந்ததை அவன் அங்கே இருந்தபோது தானே தைத்திருந்தான். கறுப்பு நூல். கோணல்மாணல், ஒன்று பெரிது ஒன்று சிறிது. முதல் வருடம் அதைப் பார்த்து, "பிரிச்சு ஒழுங்கா தைச்சுத் தரட்டுமா சித்தி?" என்று கேட்டேன். "தொடாதே" என்றார். அவ்வளவு கடுமையாக அவர் என்னிடம் பேசியதே இல்லை.

அஞ்சு வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள். "எந்தா அம்மா ஒரு ஸ்மெல்?" மேசைத் துணி என்றேன். முதல் பொய்.

சித்தி போகிற போக்கில், "ஆச்சா மோளே?" நாளைக்கு சித்தி என்றேன். இரண்டாவது.

சொல்லலாம் என்று யோசித்து வைத்தவை: பெட்டி பழசு. பத்து வருடத்துத் துணி, இத்துப்போயிருந்தது. மழையில் கரி ஒழுங்காகப் பிடிக்கவில்லை, சூடு ஒரே சீராக இல்லை.

மூன்றும் உண்மை. மூன்றும் காரணம் இல்லை. காரணம் பூனை.

சாப்பிடவில்லை. கப்பைக் கிழங்கு வேகவைத்தது அப்படியே ஆறிக் கிடக்கிறது.

ஜூலை 14, திங்கள்

தூறல். கடைக்கு லீவு. கேட்டவர்களுக்கு: பல் வலி.

பஸ்ஸில் தேவராவுக்கு, அதே மாதிரி சட்டை தேடி. நேவிக்காரர்களுக்குத் துணி தைக்கிற கடைகள் அங்கே உண்டு. முதல் கடையில் எல்லாமே வெள்ளை. "ஆர்மியுடேதா? அது இப்போ டிசைன் மாறி சேச்சி. பழையது கிட்டூல்லா." சந்தோஷப்பட்டேன். கிடைக்கவில்லையென்றால் உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும், விதி நம்மைக் காப்பாற்றிவிட்டது என்று. ஆனாலும் அடுத்த கடைக்கு நடந்தேன்.

அங்கே இருந்தவர் வயதானவர். நேவியில் இருந்து ஓய்வு பெற்றவர், சென்னையில் சில வருடம் இருந்ததால் தமிழ் பேசுகிறார். மேல் அலமாரியில் பழைய சரக்கு இருந்தது. ஆர்மி கார்டு கேட்டார். சும்மா யாருக்கும் தர மாட்டாராம்.

"யாருக்கு இது?"

தம்பிக்கு என்றேன்.

"ஆளைக் கூட்டிட்டு வாங்க. அளவு பாக்கணுமில்ல?"

வாயில் வந்தது. "தம்பி இல்லை சார். வெளிநாட்டுல, டூட்டியில இருக்கும்போது... பத்து வருஷம் ஆச்சு."

அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க கப்பல்லயும் ஒரு பையன். தூர தேசத்துத் துறைமுகம். இருபத்தொண்ணு வயசு. அவன் பேரை நான் இப்பவும் காலையில சொல்லுவேன்" என்றார். பிறகு ஏணி போட்டு, வலிக்கிற முட்டியோடு தானே ஏறி, சட்டையை எடுத்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் தந்தார். நான் ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தேன். அவசரமாக இன்னொன்றையும் நீட்டினேன்.

நான் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மைதான். அந்த உண்மையை எடுத்துத்தான் பொய்க்கு முட்டுக்கொடுத்தேன். மணி செத்ததை வைத்து ஒரு காரியம் சாதித்துக்கொண்டு வந்திருக்கிறேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். யாருக்கும் என்னைத் தெரியாது, இருந்தும்.

ஜூலை 15, செவ்வாய்

மழை விட்டு விட்டு.

புதுச் சட்டையின் கஞ்சி மொடமொடப்பு போக சோடா போட்டு ஊறவைத்து, கல்லில் தேய்த்து, மறுபடி ஊறவைத்து. கழுத்துப்பட்டையை மணல் காகிதத்தால் உரசினேன். பழசாக்குவதும் ஒரு வேலைதான் போல, எனக்கு நன்றாகவே வருகிறது.

பிறகு பழைய சட்டையிலிருந்து அவன் பெயர்ப்பட்டையைப் பிரித்தேன். பிளேடால், ஒவ்வொரு நூலாக. தோளில் இருந்த ஐ.நா.வின் நீல வட்டத்தையும். பெயர் இருந்த இடம் மட்டும் வெளிறாமல் பச்சையாக இருந்தது.

இரண்டையும் புதுச் சட்டையில் தைத்தேன். கடைசியில் பாக்கெட். புதுச் சட்டையில் வேண்டுமென்றே ஓரத்தைக் கிழித்தேன். கறுப்பு நூல் கோத்து உட்கார்ந்தேன். கோணலாகத் தைக்க வேண்டும். வரவில்லை. என் கைக்கு வராது. பிரித்துத் தைத்தேன், பிரித்துத் தைத்தேன். இடது கையால் முயன்றேன், விரலில் குத்திக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டுகூடத் தைத்துப் பார்த்தேன்.

எங்கேயோ ஒரு முகாமில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் எச்சில் தொட்டுத் தொட்டு ஒரு பையன் தைத்தது. அதை இங்கே உட்கார்ந்து காப்பி அடித்துக்கொண்டிருக்கிறேன். செத்தவனின் கையெழுத்தைப் போடுகிறவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அப்போதாவது ஊசியை வைத்துவிட்டு எதிர் வீட்டுக்குப் போயிருக்கலாம். பத்தடி. போகவில்லை. சித்தியின் மனம் நோகும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது இல்லை. "என் கைக்குப் பிறகு செல்வி கைதான்" என்று எல்லாரிடமும் சொல்வாரே, அந்தப் பேச்சு நின்றுபோகும். பொன்னாடை வேறு. இவ்வளவுதான் நான்.

ஒருவழியாக ஐந்து தையல். பார்க்க ஏறக்குறைய அதே மாதிரி.

பழைய சட்டை: என் புடவைகளுக்கு அடியில்.

ஜூலை 16, புதன்

வெயில்! அரை மணி நேரம். தெருவே துணிக்கொடி கட்டியது.

சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே மஞ்சள் பை, அதே கற்பூரம். சித்திக்குக் கண்ணில் புரை, ஆப்பரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். சட்டையை மடியில் விரித்து விரலால்தான் பார்த்தார். கழுத்துப்பட்டை. பெயர். பட்டன்கள். பாக்கெட் ஓரத்துக்கு விரல் வந்ததும் நின்றது. போனது, திரும்பி வந்தது.

நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றைய தேதி இன்னும் கிழிக்கப்படவில்லை.

"நல்லாருக்கு" என்றார். "சாயா குடிச்சிட்டுப் போ."

குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தார். நானும் கேட்கவில்லை.

தப்பித்தேன் என்று நினைத்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் அந்த நேரத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து ஆறிப்போன சோற்றை இரண்டு முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

காலையில் மழை, பத்து மணிக்கு வெளிச்சம்.

பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகள். கவுன்சிலர் தாமதம். ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மணியோடு பள்ளியில் படித்தவர்கள் நாலு பேர், இப்போது எல்லாருக்கும் தொப்பை. மணிக்கும் இந்நேரம் விழுந்திருக்கும்.

நாற்காலியில் சட்டை. தொப்பி. விளக்கு. இரண்டு நிமிட மௌனத்தில் எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். தேவராவில் தூசி தட்டி எடுத்த ஒரு சட்டைக்கு முன்னால். அது யார் உடம்பிலும் ஒரு நாள்கூட ஏறியதில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

பிறகு பொன்னாடை. ஷாஜி சேட்டன் மைக்கில்: "நம்முடெ செல்வி சேச்சி, ஒரு அம்மையைப் போல..." கை தட்டினார்கள். மெரூன் புடவைக்கு மேல் மஞ்சள் சால்வை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு மரியாதை. அஞ்சு போட்டோ எடுத்தாள். நான் சிரித்திருக்கிறேனாம். காட்டினாள். ஆமாம், சிரித்திருக்கிறேன்.

எல்லாரும் பாயசம் குடிக்கப் போன பிறகு சித்தி என்னைக் கூப்பிட்டார். சட்டையை மடிக்கத்தான் என்று போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இது யாரு சட்டை மோளே?"

நான் மற்ற கையால் சட்டையை மடிக்கப் போனேன்.

"நீ எவ்வளவு கோணலா தைச்சாலும் உன் தையல் நேராத்தான் போகுது, செல்வி. அவன் தையல் ஒரு பக்கமா இழுக்கும். புதன்கிழமையே தெரிஞ்சுது. ஆளுங்க முன்னால உன்னை நாணம் கெடுக்க வேண்டாம்னு இருந்தேன்."

சொன்னேன். எல்லாம். ஈரத்துணி போடாதது, பூனை, தேவரா, பெயரைப் பிரித்தது. பூனையைப் பற்றிச் சொல்லும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கரிந்துவிட்டது சித்தி, நீங்கள் பார்த்தால் தாங்க மாட்டீர்கள் என்றுதான், என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க" என்றார். "கரிஞ்சுபோச்சு, பாத்தா தாங்க மாட்டேன்னு. பெட்டியைத் தொறக்க விடல. என் பிள்ளையை எனக்குக் காட்டல. இப்போ நீயும் காட்டல."

என் மணிக்கட்டை அவர் பிடித்திருந்த இடத்தைப் பார்த்தேன். அன்றைக்கு நான் அவரைப் பிடித்திருந்ததும் அங்கேதான்.

"அந்தச் சட்டையைக் கொண்டா. தேய்க்க வேண்டாம். அப்படியே கொண்டா."

ஜூலை 19, சனி

மழை. கடை திறக்கவில்லை. இன்று பல் வலி என்று யாரிடமும் சொல்லவில்லை.

நேற்றுப் பந்தலிலிருந்து எடுத்துவந்த புதுச் சட்டையிலிருந்து மணியின் பெயரைப் பிரித்து, பழைய சட்டையில் பச்சையாக இருந்த அதே இடத்தில் வைத்துத் தைத்தேன். நீல வட்டத்தையும். நேராக, என் தையலாகவே.

அஞ்சு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இதாரு கரிச்சது?"

"நான்தான்."

மடித்தேன். கருகின பாக்கெட் மேலே தெரிகிற மாதிரி. கழுத்துப்பட்டையில் ஒரு சுருக்கம். கை பழக்கத்தில் நீவப் போனது, நிறுத்திக்கொண்டேன்.

மஞ்சள் பை. கற்பூரம் போடவில்லை. குடை எடுத்தாயிற்று. எதிர் வீட்டில் சித்தி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.