படத்தில் விழுந்த நான்கு விரல்

என் செல்ல மகளுக்கு,

அப்பா சொந்தமாக எழுதும் முதல் கடிதம் இது. மூன்று நாளாக எழுதுகிறேன், நிதானமாகப் படி.

விரல் மரத்துப்போகிறது, எழுத முடியவில்லை என்ற உன் மகளை, நடிக்கிறாய் என்று நீ போனில் திட்டினாய் அல்லவா? அதிலிருந்து அவள் போனைத் தொடவில்லை. போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே சூட்டைப் படம் பிடிக்கும் கேமரா இருக்கிறது. சூடான இடம் சிவப்பு, குளிர்ந்த இடம் நீலம். முதலில் கால் மணி நேரம் குளிரான அறையில் கை எதிலும் படாமல் உட்கார வேண்டும். பிள்ளையின் விரல்கள் வெளுத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

திரையில் மணிக்கட்டின் குறுக்கே சிவப்பாக நான்கு விரல்.

"யாரு புடிச்சது?" என்றார் படம் எடுக்கும் அம்மா.

"நான் இல்லைம்மா."

"தாத்தா, புளுகாதீங்க. அதான் தெரியுதே" என்று உன் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தார்கள். விரல் நுனிகள் நீலமாகவே நின்றன.

"குளிர் பட்டா ரத்தக்குழாய் சுருங்கிடுது. பயப்பட வேண்டாம், கையுறை போடுங்க. ஆனா பிள்ளைக்கு நிஜமாவே வலிக்கும்" என்றார் டாக்டர்.

இரண்டு படங்களையும் இதோடு வைத்திருக்கிறேன். நல்ல படத்தைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிடு. இந்த முறை எடுப்பாள். கெட்டுப்போன படத்தில் இருப்பது என் கை. இத்தனை வருஷம் பத்திரங்களில் பெருவிரலை மட்டும் வைத்தவன், மிச்சம் நாலையும் அங்கே வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
இனி கையெழுத்தே போடும்
உன் அப்பா