தும்மல் மாத்திரையும் கொழும்பு டானிக்கும்

தூத்துக்குடி,
1949 ஆடி 12.

அன்புள்ள தம்பி சங்கரலிங்கத்துக்கு, மதினி வடிவம்மாள் எழுதுவது. கொழும்பில் நீயும் உன் கடையும் நன்றாக இருக்கவேண்டும். இங்கு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் அண்ணனுக்கு இப்போது துறைமுகத்தில் வேலை இல்லை. அதைச் சொல்லிவிட்டே மற்றதை எழுதுகிறேன்.

இந்தக் காற்றில் மணலும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து அவருக்குத் தும்மல் நிற்கவேயில்லை. கண்ணெல்லாம் வீங்கிவிட்டது. மருந்துக்கடையில் புதிதாக வந்த மாத்திரை ஒன்றைக் கொடுத்தார்கள். டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. தும்மல் அடங்கியது. நீ தோணியில் கொடுத்தனுப்பிய வைட்டமின் டானிக்கையும் விடாமல் குடித்துவந்தார். இரண்டும் உடம்புக்கு நல்லதுதானே என்று இருந்தோம்.

அன்று காலை தெம்பு வேண்டுமென்று டானிக்கைக் கொஞ்சம் கூடுதலாகவே குடித்தார், மாத்திரையும் போட்டுக்கொண்டார். தோணியில் பஞ்சுப்பொதி இறக்கும்போது, கிரேன் பிடியில் கை வைத்தபடியே கண் அயர்ந்துவிட்டார். பொதி, கீழே நின்ற கூட்டாளி தேவபிரசாதத்தின் காலில் விழுந்து எலும்பு நொறுங்கிவிட்டது. ஓடிவந்த மேஸ்திரி உன் அண்ணன் வாயை மோந்து பார்த்து, "ஏலே, குடிச்சிட்டா வந்திருக்க?" என்று கேட்டிருக்கிறான். மதுவிலக்கு வந்தபிறகு அந்த ஒரு வார்த்தை போதாதா? போலீஸ் கொண்டுபோய் வைத்திருந்து மறுநாள்தான் விட்டார்கள். வழக்கு நடக்கிறது.

ஆஸ்பத்திரியில் தேவபிரசாதத்துக்குக் கஞ்சி கொண்டுபோன இடத்தில் டாக்டர் எபனேசரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அந்த மாத்திரையே தூக்கம் தருமாம். வைட்டமின் ஒன்றும் செய்யவில்லையாம். அதை ஒயினில் கலந்து டானிக் ஆக்கியிருக்கிறார்கள், ஒயினும் மாத்திரையும் சேர்ந்தால் நிற்கிற ஆளையே சாய்த்துவிடும் என்றார். பாட்டிலைக் கொண்டுவந்து, அது எங்கிருந்து வந்தது என்றும் சொன்னால், தானே கோர்ட்டுக்கு எழுதித் தருவதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அண்ணன் பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய்க் கடலில் எறிந்துவிட்டு வந்தார். "கொடுத்துவிட்டது யாருன்னு கேப்பான். ஒயின் அனுப்பினான்னு தம்பி பேரு போலீஸ் கச்சேரிக்குப் போகப்படாது. நாளைக்கு அவன் ஊருக்கு வரணும்லா" என்றார்.

கள்ளைக்கூடத் தொடாதவரைத் தெருவில் குடிகாரன் என்கிறார்கள். தேவபிரசாதத்தின் மனைவி கஞ்சியை வாங்கிக்கொள்கிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. வீட்டில் இருக்கும்போது அந்த மாத்திரையைத் தனியாகச் சாப்பிடலாம் என்றார் டாக்டர். இவர் தொடமாட்டேன் என்கிறார். நாளெல்லாம் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. நீ நல்லதை நினைத்துத்தான் அனுப்பினாய். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. டாக்டர் விலாசம் கீழே இருக்கிறது. அவருக்கு எழுது என்று நான் கேட்கவில்லை. எழுதாதே என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

செந்தூர் முருகன் உன்னைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

உன் மதினி,
வடிவம்மாள்.

டாக்டர் எபனேசர்,
ஆஸ்பத்திரி வளாகம்,
தூத்துக்குடி.