மைத்துனன் தந்த கிருமிகள்

பிப்ரவரி 6

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. சீழ் பிடித்திருந்ததால் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார் பல் டாக்டர். பாதி வாய் மரத்துப்போன நிலையிலேயே ஆபீசுக்குப் போய், எங்கள் கம்பெனியின் புதுக் கிருமிநாசினிக்கு விளம்பர வாசகம் எழுதினேன்: ‘ஒன்றைக்கூட உயிரோடு விடாது.’ மேனேஜர் தோளில் தட்டினார். கை கழுவியிருந்தாரா, தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைத் துவைக்கப் போட்டேன்.

பிப்ரவரி 15

வயிறு சரியில்லை.

பிப்ரவரி 16

சரியே இல்லை.

மார்ச் 1

ஆஸ்பத்திரியில் படுக்கை. ரத்தமாகப் போகிறது. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: “குடல்ல கெட்ட கிருமி ஒன்னு பெருகிடுச்சு. பல்லுக்குச் சாப்பிட்ட மாத்திரை, அதை அடக்கி வச்சிருந்த நல்ல கிருமியை எல்லாம் கொன்னுடுச்சு.”

நல்ல கிருமியா? இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். இந்த இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதியதே இல்லை.

மார்ச் 19

மருந்து கொடுத்தால் நிற்கிறது. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கிறது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. மனைவி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள், எனக்குக் கேட்காதாம்.

டாக்டரம்மா இன்று ஒரு வழி சொன்னார். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைப் பக்குவப்படுத்திக் குழாய் வழியாக என் குடலுக்குள் விடுவார்களாம். காதில் சரியாக விழவில்லை என்றேன். “மலம்தான்” என்றார், இன்னும் தெளிவாக.

அதற்குச் செத்தே போகலாம் என்றேன்.

“செத்துப் பாருங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு” என்றாள் மனைவி.

மார்ச் 22

அவளுடையது ஆகாதாம். தொண்டை வலிக்குப் போன மாதம்தான் அவளும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாள். மிச்சம் இருப்பது அவள் தம்பி.

அவன் நாய்களைப் பழக்குகிறவன். நாய் முகத்தை நக்கும், துடைத்துக்கொண்டு அதே கையால் சாப்பிடுவான். எங்கள் புது வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, அத்தனை விருந்தாளிகளும் பார்க்க, வாசலிலேயே நிறுத்தி உச்சி முதல் உள்ளங்கால் வரை கிருமிநாசினி அடித்தேன். அப்படியே திரும்பிப் போனவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு அவனிடம் பேசினாள்.

“என்ன கேக்குறாரு? இன்னொரு தடவை சொல்லுக்கா.”

சொன்னாள். பின்னால் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. கடைசியில், “மாமாவே கேக்கட்டும்” என்று வைத்துவிட்டான்.

மார்ச் 23

கேட்டேன். விளம்பரக்காரன்தான், ஆனாலும் இதற்கு வாசகம் அமையவில்லை. “தம்பி, அன்னிக்கு நான் பண்ணது தப்பு” என்று மட்டும் வந்தது.

“நாய் மேலகூட யாரும் அப்படி அடிக்க மாட்டாங்க மாமா.”

“அடிச்சிருக்கக் கூடாதுதான்” என்றேன்.

“சரி, எப்ப வரணும்?” என்றான்.

மார்ச் 30

அவனுடைய ரத்தம், மலம் எல்லாம் சோதித்தாகிவிட்டது. எந்த நோயும் இல்லை. “இவ்வளவு நல்ல வயித்தைப் பாத்து நாளாச்சு” என்றார் டாக்டரம்மா. தம்பி பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி மனைவி முகத்தில் பெருமை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். பொறாமையா? ஒருத்தனுடைய குடலைப் பார்த்தா?

ஏப்ரல் 2

முடிந்தது. மயக்கம் தெளிந்தபோது கட்டில் பக்கத்தில் மைத்துனன் நின்றுகொண்டிருந்தான்.

“எப்படி மாமா, நம்ம பசங்க உள்ள ஒழுங்கா இருக்காங்களா?”

நர்ஸ் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாகத்தான் இருந்தது — இதற்கும் நிற்காமல் போனால்?

ஏப்ரல் 5

இன்று ஒரே ஒரு தடவை. சாதாரண மனிதன் மாதிரி. சமையலறைக்குப் போய்ச் சொன்னேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏப்ரல் 27

ஆபீஸ். வாசகத்தின் கீழே ‘தரைக்கு மட்டும்’ என்று சேர்த்தேன். மேனேஜர் அதை அடித்துவிட்டார்.

மே 11

மைத்துனன் வீட்டுக்குப் போனோம். நாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. “இளைச்சுட்டீங்களே மாமா” என்று தன் தட்டில் இருந்த அவித்த முட்டையைக் கையாலேயே பிட்டுப் பாதியை நீட்டினான். மனைவி என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

உப்புக் கொஞ்சம் குறைவு. சொல்லியிருப்பேன், ஆனால் வாய் நிறைய முட்டை.