பன்னிரண்டு கையெழுத்து

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், தம்பி இடுப்புக்கு மேலே நலம். நீ தலை முதல் கால் வரை நலமாயிருக்க வேண்டும். உன் கடிதம் வந்தது. உங்கள் சுரங்கத்தில் முதலுதவி வகுப்பு நடக்கிறது, வேலை முடிந்த அலுப்பில் அதில் யார் போய் உட்காருவது, கூட்டாளியே எனக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறான் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது அந்த வரியை முழுங்கிவிட்டேன்.

வீட்டில் தச்சர் வந்து குளியலறை வாசலை அகலமாக்கினார், இருந்தும் சக்கர நாற்காலி முட்டுகிறது. இரண்டு மணிக்கொரு தரம் தம்பியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ஒருநாள் அசந்துவிட்டதில் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். அவனுக்கு அது வலிக்கவேயில்லை, அதைப் பார்த்துத்தான் அம்மா அழுகிறாள். பாறை விழுந்து இப்படி ஆனது என்று உனக்கு எழுதியிருந்தேன், அது பாதிதான். மீதியை இப்போது படி.

இங்கே சுரங்கத்தில், தம்பியும் இருந்த எங்கள் கும்பலுக்கு நான்தானே மேஸ்திரி. போன வருஷம் மருந்தறைக்காரர், பஞ்சு என்று கேலி செய்வோமே அவர்தான், எங்களுக்கும் வகுப்பு வைத்தார். பையன்கள் களைத்திருக்கிறார்கள், குளித்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும் என்று பன்னிரண்டு பேர் கையெழுத்தையும் நானே போட்டேன். தம்பியுடையதைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டேன், அசலே தோற்றுவிடும். பஞ்சுவும் தலையில் அடித்துக்கொண்டு பதிவேட்டை மூடினார். அன்றைக்குப் பாடம் என்ன தெரியுமா, முதுகில் அடிபட்டவனை எப்படித் தூக்குவது என்பது.

பாறை விழுந்து நான் ஓடிப்போனபோது தம்பி சிரித்தான். ஹெல்மெட் போச்சுப்பா, புதுசு கேக்கணும் என்றான். பூட்ஸை ஆட்டிக் காட்டினான், என் கண்ணால் பார்த்தேன். விழுந்தவனைத் தரையில் கிடக்க விடுவது எங்கள் கும்பலுக்கு அவமானம். இருபது அடியில் சுவரில் ஸ்ட்ரெச்சர் இருந்தது, அதில் எங்கள் ஈரச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அசைக்காம இருங்க, பஞ்சுவைக் கூப்பிடறேன் என்று ஒருவன் சொன்னான். போடா, என் பிள்ளையைத் தூக்க எனக்குத் தெரியாதா என்று கத்திவிட்டு நான் தோளைப் பிடித்தேன், இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள், நடுவில் மூட்டை மாதிரி மடிந்தான். என் கால் எங்கப்பா என்று கேட்டான். முதுகெலும்பு விரிசலோடு நின்னிருக்கும், மடக்கித் தூக்கினதுலதான் நரம்பு போச்சு என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். இப்போது நீயும் சேர்ந்து சும.

நாளைக்கே வகுப்புக்குப் போ, முன் பெஞ்சில் உட்கார், உன் கையாலேயே கையெழுத்துப் போடு. அந்தக் கூட்டாளியையும் இழுத்துக்கொண்டு போ, உன்னைத் தூக்கப்போகிறவன் அவன்தான். போகாமல் லீவில் இங்கே வந்து நிற்காதே, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். நல்லா இரு, கை காலோடு நூறு வயசு இரு. படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

தம்பி பக்கத்தில்தான் படுத்திருக்கிறான். அண்ணனுக்கு என்னப்பா இவ்வளவு நீளமா எழுதறீங்க என்று கேட்கிறான். வருகிறவர்களிடம் எல்லாம், அப்பா தூக்கலேன்னா நான் அங்கேயே போயிருப்பேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நீங்க என்னைத் தூக்கினதையும் மறக்காம எழுதுங்க என்கிறான். எழுதிவிட்டேன் என்றேன்.

இப்படிக்கு,
உன் அப்பா